இடியப் போகிற வீட்டுக்கு ஐந்தரைக் கோடி

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பழைய தனி வீடு விலைக்கு வந்தால், விளம்பரத்தில் வீட்டைப் பற்றி அநேகமாக ஒன்றும் இருக்காது. ஒரு கிரவுண்டு, கிழக்குப் பார்த்தது, முப்பதடி ரோடு, கிளியர் டைட்டில், உடனடிப் பதிவு. கடைசியில் போனால் போகிறதென்று ‘பழைய கட்டடம்’ என்று இரண்டு சொல். எத்தனை அறை, கிணற்றில் தண்ணீர் உண்டா, மாடி ஒழுகுமா என்றெல்லாம் கேட்டால் புரோக்கருக்குச் சிரிப்பு வந்துவிடும். “சார், வீட்டைப் பார்க்காதீங்க, மனையைப் பாருங்க” என்பார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இந்தச் சந்தையில் சொல்லப்படுகிற பேச்சுகளிலேயே நேர்மையானது இதுதான்.

குடியிருக்க வீடு தேடிப் போனவருக்கு அந்த இடத்தில்தான் தலை சுற்றும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. கழிவறை கொல்லைப்புறத்தில். மின்கம்பி மரப்பட்டி மேல் ஓடுகிறது, சுவிட்சுகள் கறுப்பாக, குமிழ் வடிவில். அந்த வீட்டுக்குச் சொல்கிற விலையிலோ பல்லாவரம் தாண்டிப் போனால் புத்தம்புது வீடாக மூன்று கட்டிக்கொள்ளலாம். ‘இந்த இடிசலுக்கா இவ்வளவு?’ என்று கேட்காமல் யாரும் அங்கிருந்து திரும்புவதில்லை.

பதில்களும் தயாராக இருக்கின்றன. சொந்தக்காரரின் பேராசை, கறுப்புப் பணம், அமெரிக்காவிலிருந்து வருகிற டாலர், ஐ.டி. கம்பெனிச் சம்பளம், மெட்ரோ ரயில். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எல்லாப் பதில்களும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: வீடு இவ்வளவு மோசமாக இருந்தும் விலை இவ்வளவு இருக்கிறதே என்று. அந்த ‘இருந்தும்’தான் தவறு என்பது என் கட்சி. சென்னையின் மையப் பகுதிகளில் விலை அதிகம் என்பதால்தான் வீடு பாழாகிறது. வீட்டின் கதியையும் மனையின் விலையையும் முடிச்சுப் போட்டது யார், எப்படி என்று பார்த்தால் இது விளங்கும்.

முதலில், மனையை வாங்க வருகிற பில்டர் போடுகிற கணக்கை நாமும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. தெருவுக்குத் தெரு மாறும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, மனையின் பரப்பைப் போல இரண்டு பங்கு, அதாவது 4,800 சதுர அடி கட்டலாம். பொது இடங்களின் பங்கையும் ஏற்றி விற்கிற அளவு 5,500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் புது ஃபிளாட் சதுர அடி 20,000 ரூபாய்க்குப் போகிறதென்றால், மொத்த விற்பனை 11 கோடி. கட்டுமானம், அனுமதிக் கட்டணம், வட்டி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்றால் செலவு 2.75 கோடி. பில்டருக்கு லாபம் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு, 2.2 கோடி. மீதி 6.05 கோடி. மனையை வாங்கும்போது ஆகிற முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் கழித்தால், சொந்தக்காரருக்கு அவர் தரக்கூடியது ஐந்தரைக் கோடி.

இந்தக் கணக்கில் பழைய வீடு எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. ‘இடிப்பு’ என்று ஒரு சில்லறைச் செலவில் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தேக்கு உத்தரம் போட்ட வீடானாலும், கூரை பாதி விழுந்த வீடானாலும், அந்த மனைக்கு விடை அதே ஐந்தரைக் கோடி. மனை விலை ஏறியதால் ஃபிளாட் விலை ஏறிவிட்டது என்று பில்டர்கள் மேடையில் சொல்வார்கள்; மேசையில் போடுகிற கணக்கோ தலைகீழாக, ஃபிளாட் விலையிலிருந்து இறங்கி மனை விலைக்கு வருகிறது.

இன்னொன்றையும் இதே கணக்கில் பார்க்கலாம். 2019-க்கு முன் எஃப்.எஸ்.ஐ. 1.5 ஆக இருந்தது. மற்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு 1.5-க்குப் போட்டால், பதிவுச் செலவு கழிக்குமுன் மிஞ்சுவது நாலரைக் கோடி. ஆக, விதிப் புத்தகத்தில் ஓர் எண் மாறியதில் ஒரு கிரவுண்டு மனை காகிதத்தில் ஒன்றரைக் கோடி கூடிவிட்டது. சொந்தக்காரர் ஓர் ஆணி அடிக்கவில்லை, ஒரு வாளி சுண்ணாம்பு கரைக்கவில்லை. கூடுதலாகக் கட்ட விட்டால் வீடுகள் பெருகி விலை இறங்கும் என்பது பொருளியல்காரர்கள் வாதம். நகரம் முழுவதற்கும் பல ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அனுமதியின் முதல் பலனை விழுங்குவது மனைதான். அகலமான சாலையில் இருக்கிற மனைக்கு, கட்டணம் கட்டி வாங்குகிற ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.’யும் உண்டு, அதனால்தான் அறுபதடி ரோட்டு மனைக்காரர் பேசுகிற தொனியே வேறாக இருக்கிறது.

இந்த மனைகள் பெரும்பாலும் பெரும்பணக்காரர் வாங்கியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தியாகராய நகர் இருக்கிற இடம் மாம்பலத்தின் நீண்ட ஏரி. 1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு ஏரியைத் தூர்த்து, நடுவே பனகல் பூங்காவை வைத்துத் தெரு பிரித்து, நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். அடையாறு காந்தி நகர் சுதந்திரத்தை ஒட்டிக் கூட்டுறவுச் சங்கம் மூலமாக உருவானது. 1961-இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த பக்கத்தில் அண்ணா நகர் எழுந்தது. பிறகு அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர். குமாஸ்தாவும் ஆசிரியரும் தவணை கட்டி வாங்கிய மனைகள் இவற்றில் ஏராளம். அவர்கள் பிள்ளைகள் இன்று கோடீஸ்வரர்கள், காகிதத்தில். பென்ஷனில் மருந்து வாங்கிக்கொண்டு ஐந்து கோடி ரூபாய் வீட்டில் ஒழுகலுக்கு அடியில் பாத்திரம் வைக்கிற முதியவர்களை இந்தத் தெருக்களில் பார்க்கலாம். பேராசைக்காரர் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ஏன் பழுது பார்ப்பதில்லை? பத்துப் பதினைந்து லட்சம் செலவழித்து மாடியைச் செப்பனிட்டு, ஒயர் மாற்றி, கழிவறை கட்டினால், விற்கிற அன்று அதில் ஒரு ரூபாயும் திரும்பாது. வாடகையாவது கூடுமா? கூடும். ஐந்தரைக் கோடி பெறுமான வீட்டுக்கு மாதம் 50,000 ரூபாய் கிடைத்தாலே நல்ல வாடகை; வருடத்துக்கு ஆறு லட்சம், முதலில் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. அதைப் பத்தாயிரம் உயர்த்துவதற்காக யாரும் பதினைந்து லட்சம் போடமாட்டார்கள். ஆக, செப்பனிடாமல் விடுவதற்குச் சோம்பலையோ கஞ்சத்தனத்தையோ காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. மனையின் விலைக்கு முன்னால் வீட்டுக்குச் செய்கிற எந்தச் செலவும் நஷ்டக் கணக்கு.

இதற்குச் சட்டமும் தன் பங்குக்கு உதவியது. தமிழ்நாட்டில் 1960-இன் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி வரை அமலில் இருந்தது. பம்பாயோடு ஒப்பிட்டால் நம்முடையது மென்மையானது. அங்கே 1947-இன் சட்டம் வாடகையை 1940-இன் அளவில் உறையவைத்துவிட்டது. வாடகையில் பழுது பார்க்க முடியாத கட்டடங்களுக்காக 1969-இல் அரசே செஸ் வசூலித்துப் பழுது பார்க்கும் வாரியம் வைக்க வேண்டி வந்தது. மழைக்காலத்தில் தென் மும்பையில் கட்டடம் சரிகிற செய்தி இன்றும் நிற்கவில்லை. சென்னையில் நியாய வாடகையை மனையின் சந்தை மதிப்பையும் சேர்த்தே கணக்கிட முடிந்தது, குடியிருப்புக்கு மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. மனு போட்டு, பொறியாளர் அறிக்கை வாங்கி, மேல்முறையீடு முடிந்து கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன.

இதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்ல வழிவிட்டது. நீதிமன்றம் பார்த்தவற்றில் கட்டடத்தின் வயதும் நிலையும் உண்டு. விளைவை யோசித்துப் பாருங்கள். காலி செய்ய வைக்க விரும்பிய சொந்தக்காரருக்கு ஒழுகுகிற மாடி சாட்சியாகப் பயன்பட்டது. மாடியைச் செப்பனிட்டால் வழக்கு பலவீனப்படும். வாடகைக்காரரும் தன் செலவில் செய்யமாட்டார், நாளைக்கே கிளம்பச் சொல்லலாம். அரசங்கன்றை யார் பிடுங்குவது என்பதில் இரண்டு பேருக்கும் அக்கறை இல்லாத வீடாக அது இருபது வருடம் நிற்கும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிற 2017-இன் சட்டம் இப்போது அமலில் இருக்கிறது. பழைய கட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கின்றன.

வாடகைக்காரர் இல்லாத வீடும் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்றால், வாரிசுகள். என் பார்வையில் சென்னையின் பாழ்வீடுகளுக்கு முதல் காரணம் இதுதான். வேறு எதையும்விட இதை விவரமாகப் பார்க்க வேண்டும்.

1950-இல் தாத்தா வாங்கிய வீடு. உயில் எழுதவில்லை, எழுதுவது அபசகுனம் என்று நினைத்த தலைமுறை. ஐந்து பிள்ளைகள். அவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள், அவர்களுடைய பங்கு பேரப்பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டது. இப்போது பதினொரு கையெழுத்து வேண்டும். மூன்று கையெழுத்து கலிஃபோர்னியாவில், ஒன்று சிட்னியில். அங்கிருந்து பவர் எழுதி அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு சித்தப்பா மட்டும் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். விற்றால் அவர் பங்குக்கு அதே தெருவில் ஒரு படுக்கையறை ஃபிளாட்கூட வராது. அவர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

பெண்களின் பங்கு இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கிற வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும் வரை பாகம் கேட்கக் கூடாது என்றது. அந்தப் பிரிவு 2005-இல்தான் நீக்கப்பட்டது. இதற்கிடையில் தமிழ்நாடு 1989-இலேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைக் கொடுத்தது. மத்தியச் சட்டம் 2005-இல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சர்ச்சையை உச்ச நீதிமன்றம் 2020-இல், வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது. நியாயம் நியாயம்தான், தாமதமாக வந்தாலும். ஆனால் ‘அத்தைக்குச் சீர் செய்தாயிற்று, கணக்கு முடிந்தது’ என்று வாய்ப்பேச்சில் முடிந்துபோன எத்தனையோ வீடுகளின் பத்திரம் இந்த ஆண்டுகளில் மறுபடி திறந்துகொண்டது. வாங்க வருகிறவரின் வக்கீல் லீகல் ஒப்பினியனில் முதலில் கேட்பது, அத்தைகளின் விடுதலைப் பத்திரம் எங்கே என்றுதான்.

வழக்கு நடக்கிற வீட்டைச் செப்பனிட்டால், அந்தச் செலவை மற்றவர்கள் ஏற்பார்களா என்பதற்கே இன்னொரு வழக்கு வரும். பூட்டிவிடுவது எளிது. பூட்டிவைப்பதால் நஷ்டமும் பெரிதாகத் தெரிவதில்லை, மனை தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருப்பதால். விலை சரிந்துகொண்டிருந்தால் இதே பதினொரு பேரும் ஆறு மாதத்தில் சமரசமாகியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

போகிற போக்கில் கோயில் மனைகளையும் தொட்டுவிட வேண்டும். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நிலம் கோயிலுக்கும் கட்டடம் குடியிருப்பவருக்குமாக இருக்கிற வீடுகள் உண்டு. அடுத்தவர் நிலத்தில் கட்டிக் குடியிருப்பவர் அந்த நிலத்தையே விலைக்குக் கேட்கலாம் என்றது 1921-இன் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். பின்னால் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அது பொருந்தாது என்றாக்கிவிட்டது. இங்கே விற்க முடிவது செங்கல்லும் கதவும் மட்டும். விலை தாழ்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல் மூலப்பத்திரத்தைப் படிக்க வேண்டிய இடம் இது.

இனி அரசின் மூன்று எண்களுக்கு வருவோம்: வழிகாட்டி மதிப்பு, மூலதன ஆதாய வரி, சொத்து வரி.

வழிகாட்டி மதிப்பு 2012-இல் உயர்த்தப்பட்டு, 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் மறுபடி பழைய அளவுக்கு ஏற்றப்பட்டு, 2024 ஜூலையில் புதிதாக நிர்ணயிக்கப்பட்டது. சந்தை விலை அதற்கு மேலே இருக்கிற தெருக்களில் அந்த இடைவெளி வெள்ளை, கறுப்பு என்று இரண்டு கணக்காகும். வருமான வரிச் சட்டம், வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விற்றாலும் அதையே விலையாகக் கொள்ளும், பத்து விழுக்காடு வரை வித்தியாசத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது கீழ்ப்பக்கம் பூட்டு போட்டிருக்கிறார்கள், மேல்பக்கம் திறந்து கிடக்கிறது. கறுப்பு வேண்டாம் என்கிற வாங்குபவர், குறிப்பாக வங்கிக் கடனை நம்புகிற சம்பளக்காரர், முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறார்.

மூலதன ஆதாய வரி பரம்பரை வீட்டுக்காரரைத் தயங்கவைக்கிறது. 2001 ஏப்ரல் 1-இன் மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2020-இன் திருத்தப்படி அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அன்றைய வழிகாட்டி மதிப்போ மிகக் குறைவு. விற்ற தொகையில் பெரும்பகுதி லாபமாகத் தெரியும். 2024 ஜூலைக்கு முன் கையிலிருந்த சொத்துக்கு, விலைவாசிச் சரிக்கட்டலோடு 20 விழுக்காடு அல்லது அது இல்லாமல் 12.5 விழுக்காடு, எது குறைவோ அது. இதனால்தான் பலர் ரொக்கத்துக்கு விற்காமல் ஜாயின்ட் வென்ச்சர் போடுகிறார்கள். மனையில் பாதியைப் பில்டருக்கு எழுதிக்கொடுத்து, கட்டி முடித்ததில் பாதியை வாங்கிக்கொள்வது. 2017-இல் வந்த திருத்தத்தின்படி தனிநபருக்கு இதில் வரி, கட்டி முடித்த சான்று வந்த ஆண்டில்தான். உடன்பிறந்தவர்களுக்குள் ஆளுக்கொரு ஃபிளாட் என்றால் சண்டையும் பாதி தீர்ந்தது. சென்னையின் தனி வீடுகள் ஸ்டில்ட் மேல் நிற்கிற நான்கு மாடிகளாக மாறிய வேகத்துக்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது சொத்து வரி. இங்கேதான் அரசு கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாத கருவி இருக்கிறது. சென்னையில் சொத்து வரி கட்டடத்தின் பரப்பையும் தெருவுக்கான வாடகை மதிப்பையும் வைத்துப் போடப்படுகிறது. 2022-இல் மையப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 விழுக்காடு வரை உயர்த்தினார்கள், பெரிய கூக்குரல் எழுந்தது. அப்போதும் அடிப்படை மாறவில்லை: நன்றாகக் கட்டிப் பெரிதாக வைத்திருப்பவர் அதிகம் கட்டுகிறார், ஒரு கிரவுண்டு மனையில் பாழடைந்த 900 சதுர அடி வீட்டைப் பூட்டிவைத்திருப்பவர் கொஞ்சமாகக் கட்டுகிறார். மனையின் ஐந்தரைக் கோடியை அந்த ரசீது பார்ப்பதே இல்லை.

வேறு ஊர்களின் அனுபவமும் இதற்குப் பொருந்துகிறது. வான்கூவரில் நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு என்று மதிப்பீட்டு அறிக்கையே பிரித்துச் சொல்லிவிடும். பழைய மரவீடுகளின் கட்டட மதிப்பு நிலத்துக்கு முன்னால் பொருட்டாகவே இருக்காது. அங்கே 2017 முதல் ஆளில்லாத வீட்டுக்குத் தனி வரி, சொத்து மதிப்பில் ஒரு விழுக்காட்டில் தொடங்கி இப்போது மூன்று. ஜப்பானில் கதையே வேறு. 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 லட்சம் வீடு காலி, மொத்தத்தில் 13.8 விழுக்காடு. விலை ஏறாத ஊரிலும் ஏன் இடிக்கவில்லை என்றால், வீடு நிற்கிற சிறு மனைக்கு நில வரி மதிப்பு ஆறில் ஒரு பங்குதான். இடித்தால் சலுகை போய்விடும். கூரை விழுந்த வீடும் வரிச்சலுகைக்குக் காவல் நின்றது. 2015-இன் சட்டத்தாலும் 2023-இன் திருத்தத்தாலும் பராமரிக்காத வீடுகளுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட வழி செய்தார்கள். விலை ஏறுகிற ஊர், இறங்குகிற ஊர் இரண்டிலும் வீடு பாழானதற்கு நிலத்தின் மேலிருந்த வரிதான் திறவுகோல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஃபிளாட்டுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் சென்னையில் ‘பழைய வீடு’ என்பது இனிமேல் பெரும்பாலும் எண்பதுகளின் மூன்று மாடிக் கட்டடம்தான். இங்கே விற்கப்படுவது யூ.டி.எஸ்., பிரிபடாத மனைப் பங்கு. 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500 சதுர அடி யூ.டி.எஸ். இருந்தால் புரோக்கர் குரலை உயர்த்திச் சொல்வார்; 300 என்றால் பேச்சை மாற்றிவிடுவார். தனி வீட்டைவிட இவற்றின் உடல்நிலை மோசம் என்பதுதான் விசித்திரம். கடலோர உப்புக் காற்று; கலவைக்கும் நீராட்டலுக்கும் ஊற்றிய உப்புச் சுவை ஆழ்துளைத் தண்ணீர்; கம்பிக்கு மேல் போதுமான கனமில்லாத கான்கிரீட். உள்ளே கம்பி துருப்பிடித்ததும் ஊதுகிறது, ஊதி வெளிப்பூச்சைத் தள்ளுகிறது. குளியலறைக் கூரையில் முதலில் முடியளவு மெல்லிய ஒரு கீறல், அடுத்த மழையில் பழுப்புக் கறை, அதற்கடுத்து ஒருநாள் காலையில் வாளிக்குள் உள்ளங்கையளவு சில்லு. மேலே அண்ணாந்தால் கம்பி தெரிகிறது. பூசி, வெள்ளையடித்து, ‘ரெனவேட்டட்’ என்று போட்டு விற்பார்கள்.

இவற்றை இடித்துக் கட்ட முன்பு ஒவ்வொரு உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. தரைத் தளத்துக்காரர் ஒருவர் மறுத்தால் மற்ற பதினொரு பேரும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2022-இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்கிறது. விதிகளோடு 2024-இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பழைய அளவைவிடக் கூடுதலாகக் கட்ட இடமிருந்தால்தான் பில்டர் வருவார். அன்றைக்கே விதியை மீறி நான்காவது மாடி ஏற்றிய கட்டடங்களுக்கு யாரும் வரமாட்டார்கள். இரண்டு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும் எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். சென்னையின் மறுகட்டுமானத்தில் கணிசமான பகுதி இந்த இரண்டு கிரவுண்டுக்குள்தான் நடக்கிறது. ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லாத அந்தத் திட்டங்களில், வாடகை வீட்டுக்குப் போய்க் காத்திருக்கிற பழைய உரிமையாளர் பில்டரின் வாக்கையும் ஒப்பந்தத்தையும் மட்டுமே நம்பியிருக்கிறார்.

இடிபடுகிற பழைய தனி வீட்டில் என்ன போகிறது என்று தெரிய வேண்டுமானால், இடிப்பு ஒப்பந்தக்காரர் முதல்நாள் வரும்போது கூடப் போக வேண்டும். அவர் சுவரைப் பார்ப்பதில்லை. உத்தரத்தைச் சுத்தியலால் தட்டி, கறையான் உண்ட சத்தமா, வயிரம் பாய்ந்த மரமா என்று கேட்கிறார். நல்ல தேக்கு இருந்தால் இடிப்பதற்கு அவரே சொந்தக்காரருக்குப் பணம் கொடுப்பார். தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டிப் பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்த மாடி அது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு. தொண்ணூறு வயதில் இது நிற்கிறது. நாற்பது வயதில் கான்கிரீட் உதிர்கிறது. ஒழுகுகிற மெட்ராஸ் டெரஸை மீட்க முடியும், தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதிக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால். கிடைப்பது அரிதாகிவிட்டது, வேலை இல்லாத தொழிலில் பிள்ளையைப் பழக்குகிறவர் யார்?

பாரம்பரியம் என்ற வாதம் தனி வீடுகளுக்கு இங்கே அதிகம் உதவவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பட்டியலிட்ட நீதிபதி பத்மநாபன் குழுவின் அறிக்கையும், அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் பெரிய பொதுக் கட்டடங்களுக்குக் கேடயமாயின. திண்ணையும் முற்றமும் உள்ள தெரு வீட்டுக்காரரிடம் ‘இடிக்காதே’ என்று மட்டும் சொல்லி, இழக்கிற தொகைக்குப் பதில் எதுவும் தராவிட்டால், அவர் மழையை நம்பிக் காத்திருப்பார். கட்டாமல் விட்ட எஃப்.எஸ்.ஐ.யை வேறிடத்துக்கு விற்க அவருக்கு அனுமதி கொடுத்தால் பேச்சுக்கு வருவார்.

அரசு செய்யக்கூடியது என்று என்னைக் கேட்டால், சொத்து வரியில் ஒரு பங்கை மனையின் வழிகாட்டி மதிப்பின் மேல் ஏற்றி, அந்த அளவுக்குக் கட்டடத்தின் மேல் குறைக்கலாம். குடியிருக்கிற முதியவருக்கு, விற்கும்போது கட்டினால் போதும் என்று தவணை கொடுக்கலாம். பூட்டிய வீட்டுக்கு மட்டும் அது உடனே உறைக்கும். பதினொரு கையெழுத்தும் கொஞ்சம் வேகமாக வரும். மனை விலை இதனால் சற்று இறங்கும் என்பதுதான் இதன் அரசியல் சிக்கல். சென்னையில் வாக்காளர்களில் எத்தனை பேர் மனையை நம்பி மகள் கல்யாணத்தையும் முதுமையையும் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பது எந்த அமைச்சருக்கும் தெரியும்.

அதுவரை, குடியிருப்பதற்காகவே பழைய வீடு வாங்க விரும்புகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. பில்டரின் கணக்கு தோற்கிற மனைகளைத் தேட வேண்டும். பதினெட்டு அடி அகலமும் நூறடி நீளமுமான அக்ரகார வீடு, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். கார் திரும்பாத சந்து. குறுகிய தெருவில் உயரமும் வீட்டு எண்ணிக்கையும் விதியாலேயே குறையும். அரைக் கிரவுண்டு மனை. தெருக்குத்து என்று வாஸ்து பார்ப்பவர்கள் ஒதுக்கிய வீடு. இவற்றில்தான் கேட்கிற விலைக்கும் குடியிருக்கிற சௌகரியத்துக்கும் இன்னும் ஏதோ உறவு மிஞ்சியிருக்கிறது. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு, மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, அத்தைகளின் விடுதலைப் பத்திரம், உத்தரத்தைத் தட்டிப் பார்க்க ஒரு பொறியாளர். கடனுக்கு மட்டும் முன்கூட்டியே வேறு ஏற்பாடு வேண்டும்: அனுமதி வாங்கிய வரைபடம் காணாமல் போன, இன்னும் இருபது வருடம் நிற்கும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தராத வீட்டுக்கு வங்கிகள் கேட்ட தொகையைத் தருவதில்லை.